அண்ணாச்சி தந்த நறுவிலி ஊறுகாய்

சமையலறைப் பரணில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. வாயில் வெள்ளைத் துணி கட்டி, மேலே மூடி. உள்ளே நறுவிலிக்காய்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடந்து, கண் முழிகள் மாதிரி என்னையே பார்க்கின்றன. போன வாரம் அண்ணாச்சி கொடுத்தனுப்பியது.

மராட்டி ஊரான போசரியில் நான் வேலை பார்த்த முலாம் பட்டறையில் அவர்தான் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர். பின்சுவரை ஒட்டி, ஏதோ பறவை போட்ட விதையில் அந்த நறுவிலி மரம் தானாக முளைத்திருந்தது. மராட்டிக்காரர்களுக்கு அது போக்கர், பழத்தைப் பிதுக்கினால் பசையாக ஒழுகுவதால் எங்கள் பிள்ளைகளுக்கு மூக்குச்சளிப் பழம். அண்ணாச்சி கொழுந்தைப் பருப்பில் போடுவார், காயை ஊறுகாய் போடுவார். எனக்கு வருஷம் ஒரு பாட்டில் உண்டு.

என் வேலை முலாம் தொட்டி கழுவுவது. கழுவிய மஞ்சள் விஷத் தண்ணீரை கேட் பக்கம் இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிக்குச் சுமக்க வேண்டும். உடம்பை வருத்திக்கொள்வது எனக்குப் பரம்பரையிலேயே கிடையாது. மரமோ பத்தடியில் நின்றது.

"நீ தண்ணி ஊத்துத ராசி, மரம் எப்படித் தளதளன்னு நிக்கி பாருடே" என்பார் அண்ணாச்சி, நான் ஊற்றுவது நல்ல தண்ணீர் என்று நம்பி.

"சும்மாவா அண்ணாச்சி? எலைக்கு எல முலாம் பூசி வெச்சிருக்கேன்."

பட்டறையே சிரித்தது. என் வாழ்நாள் ஜோக்குகளில் உண்மையானது அது ஒன்றுதான். ஒரு கோடையில் அதன் பழங்கள் உதிர்ந்து தரையிலேயே அழுகின. கொண்டைக்குருவிகள் வரவில்லை. எறும்பு கூட மொய்க்கவில்லை. அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன்.

பிறகு அண்ணாச்சியின் கால்கள் வீங்கின. சிறுநீரகம் என்றார்கள். வெளியில் கண்டதைச் சாப்பிடுவீர்களா என்று டாக்டர் கேட்டார். "கர் கா கானா டாக்டர் சாப், வீட்டுச் சாப்பாடுதான். ஊறுகாகூட வீட்ல போட்டதுதான்" என்றார் அண்ணாச்சி, பெருமையாக. அவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஓயாத என் வாய், அந்தப் பழத்தின் பசையை அப்பியதுபோல ஒட்டிக்கொண்டது.

இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பட்டறை வாட்ச்மேன் இன்னமும் அவருக்குக் காய் பறித்து அனுப்புகிறான். இன்று காலை போன் செய்தார்.

"நாக்கு செத்துப்போச்சுடே. அந்த ஊறுகாதான் ரெண்டு வாய் சோத்த உள்ள எறக்குது. நீ சாப்பிடுதியா, இல்லியா?"

"தெனமும் அண்ணாச்சி."

போனை வைத்துவிட்டு, முன்னால் துருத்திக்கொண்டிருந்த அந்த பாட்டிலை உள்ளே தள்ளப் பார்த்தேன். போகவில்லை. பின்னால் ஆறு பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் துணி அவிழ்க்கவில்லை. கடைசியில் இருக்கும் முதல் பாட்டிலை அண்ணாச்சி தானே கொண்டுவந்து கொடுத்தார், மூன்று மாடி நடந்தே ஏறி.