தை அமாவாசைக்கு வரவிருந்த நட்சத்திரம்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் வெங்காயம் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். பங்குனியில் பரீட்சை.

அறுபத்திரண்டாம் வருஷம் அது. தை மாதம் எட்டுக் கிரகங்கள் ஒன்று சேர்கின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊரே அரண்டு கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து, அப்பா திண்டுக்கல்லில் வாங்கி வந்த காராச்சேவுப் பொட்டலத்தில் ஒரு பத்திரிகைத் தாள் வந்து சேர்ந்தது. ஆயிரம் சூரியன்களைப் போட்டாலும் நிரம்பாத ஒரு நட்சத்திரம் பூமிப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று யாரோ கற்பனை செய்து எழுதியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கொதிக்குமாம், மலையெல்லாம் மாவாகுமாம், சூரியனையே அது இழுத்து விழுங்கிவிடுமாம். படிக்கப் படிக்க எனக்கே குலை நடுங்கியது. ஆனாலும் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

"அது எப்ப வருதாம்த்தா?" என்றார் அப்பா.

தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தை அமாவாசைக்கு" என்றேன்.

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து அழுதாள். "கழுத்துல தாலி ஏறாமச் செத்தா இந்தப் புள்ள ஆவியால்ல அலையும்!"

உலகமே போன பிறகு நான் யாரைப் போய்ப் பிடிப்பேன் என்று கேட்டேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தத் தேதியை நானாகத்தான் சொன்னேன், தாளில் இல்லவே இல்லை என்று அழுதும் பார்த்தேன். "கல்யாணத்துக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்றா" என்றாள் அம்மா.

நான்காம் நாள் செம்பட்டி அத்தை மகனுக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். மேளம் கிடையாது. வந்த பத்துப் பேரும் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தார்கள். "அமாவாசை கழியட்டும், அனுப்பி வைங்க. படிச்சதெல்லாம் போதும்" என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறினாள்.

அமாவாசையன்று காலையிலிருந்தே எல்லாரும் களத்தில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் முதலில் அதே பயம்தான். உச்சி சாய்ந்தது. கிணறு கொதிக்கவில்லை, ஆடுகள் பாட்டுக்கு மேய்ந்தன. அப்போதுதான் எனக்கு வேறு பயம் பிடித்தது. அந்த நட்சத்திரம் வராமலே போய்விட்டால்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணை இறுக்க மூடி அதைக் கும்பிட்டேன். வந்துவிடு, இருட்டுவதற்குள் வந்துவிடு.

சூரியன் வழக்கம்போல மலைக்குப் பின்னால் இறங்கியது. அம்மா சிரித்துக்கொண்டே அடுப்பு மூட்டப் போனாள். அப்பா என் தலையைத் தடவினார்.

"பொழைச்சுட்டோம்த்தா. நாளைக்கு வெள்ளன செம்பட்டிக்கு வண்டி கட்டச் சொல்றேன்."

பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.