விளக்குக்காரி சாகாத கட்டு

என் வீட்டுக்காரர் சீட்டைக் கையால் தொட்டதில்லை. உப்பளத்து ஷெட்டில் மற்ற ஆண்கள் ரம்மி ஆடினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள். அப்படிப்பட்டவர் நாற்பதைத் தாண்டிய பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, டிராகனும் பேயும் படம் போட்ட கார்டுகளை வைத்து ஒரு கட்டு சேர்த்தார் என்றால் மரக்காணத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அந்தக் கார்டுகளை அவருக்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தன. காலை முதல் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்கள் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுவார்கள். தண்ணீர்க் குடம் ஷெட்டில் இருக்கும், பாத்தி தூரத்தில் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவோம். டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார். உப்பு வாரிப் பிழைத்த வீட்டில் உப்பில்லாத குழம்பு வைத்தேன். இதற்கு மண்ணை அள்ளித் தின்னலாம் என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்வார்.

பக்கத்துக் கட்டிலில் இடையஞ்சாவடிக்காரர் ஒருவர். ஒரு கெஸ்ட் ஹவுஸில் எலக்ட்ரீஷியன். நாங்கள் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம். அங்கே தங்கிய வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்து, ஊருக்குக் கிளம்பும்போது ஒரு ஷூ டப்பா நிறைய கார்டுகளையும் விட்டுப்போயிருந்தார்கள். மெஷினோடு கட்டிப்போட்டது போல மணிக்கணக்கில் கிடக்க வேண்டுமே, அதற்காக டப்பாவைக் கொண்டுவந்தார். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சொந்தக்காரர்களில் ஒருவருடைய கிட்னியும் பொருந்தவில்லை.

ஆட்டம் கஷ்டமானதில்லை. ஆளுக்கு ஒரு கட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வீரர்களை இறக்கி, எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். செத்த வீரர்களைத் தனியாக அடுக்கிவைப்பார்கள். அந்த அடுக்குக்கு நாங்கள் சுடுகாடு என்று பேர் வைத்தோம். என் வீட்டுக்காரருடைய இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. அதனால் அவருடைய கார்டுகளை விசிறி போல விரித்து நான் பிடித்துக்கொள்வேன். வலது கையால் தொட்டுக் காட்டுவார், நான் போடுவேன். கட்டைக் கலைத்துப்போடுவதும் நான்தான்.

கார்டில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வேன். அவர் காதில் வாங்கமாட்டார். எல்லாரும் எது பலமோ அதைத்தான் கட்டுக்குள் சேர்ப்பார்கள் என்று அண்ணன் தலைபாடாகச் சொன்னார். இவர் படத்தைப் பார்த்துக் கதை பண்ணினார். கடலுக்குப் போன ஒரு படை முழுகிவிட்டது. கரையில் ஒருத்தி விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். விளக்கு அணையாத வரைக்கும் ஒவ்வொருத்தனாகத் தண்ணீரிலிருந்து எழுந்து வருவான், கடைசியில் தளபதியும் வருவான். இந்தக் கதைக்குள் நிற்காத எதுவும் கட்டுக்குள் வரக் கூடாது. அண்ணன் ஒரு பெரிய டிராகனை இனாமாகக் கொடுத்தபோது, "டிராகனுக்கு நம்ம கடற்கரைல இன்னா வேலை?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டப்பாவில் இல்லாத முழுகிய வீரர்களைப் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் தேடினோம். கண்ணாடிக்குள் இருக்கும் விலை கூடின கார்டுகளைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. மூலையில் ஒரு பெட்டியில் உதிரிக் கார்டுகள் கிடக்கும், ஒன்று ஒரு டீயை விட மலிவு. அதைக் கிளறிக்கொண்டு அவர் நின்ற நேரங்களில் அவருக்கு நோய் இருப்பதே எனக்கு மறந்துபோகும். பளபளக்கிற கார்டு ஒன்றே ஒன்று அண்ணன் கொடுத்தார். எங்கள் வீட்டு உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் அது பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. நம்ம ஊருக்கு ஏழைக் கார்டுதான் தாங்கும் என்று இவர் சிரித்தார்.

கட்டு அழகாக இருந்தது. ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு கார்டு குறைகிறது என்று அண்ணன் சொன்னார், அது அவரிடம் நிறைய இருந்தது. படத்தில் ஒரு பெண் தன் நெஞ்சிலிருந்து வெளிச்சத்தை எடுத்து, கீழே கிடக்கிறவனுக்குக் கொடுக்கிறாள். நம் ஆள் ஒருத்தரைச் சுடுகாட்டுக்கு அனுப்பினால், அங்கே கிடக்கிற இன்னொருத்தரை எழுப்பிக்கொண்டு வரலாம். விளக்குக்காரியை அனுப்பித் தளபதியை எழுப்பினால் ஆட்டம் உங்களுடையது என்றார். இவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதைக்கு ஒத்துவராது என்று தள்ளிவைத்தார். விளக்குக்காரி சாகக் கூடாதாம். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. ஆம்பளைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு எடுத்த எல்லா டெஸ்டும் முடிந்துவிட்டது, என் கிட்னி அவருக்குப் பொருந்துகிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடிவந்து அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தார். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாத்தியைப் பற்றிப் பேசினார். எங்கள் வேலையில் பருவம் தொடங்குமுன் பாத்தியின் களிமண் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்குவோம். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மிதிப்போம். அந்தத் தரையின்மேல்தான் உப்பு விளையும். பலகையால் வாரும்போது அடியில் மெல்லிசாக ஒரு அடுக்கு உப்பை விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு அதையும் வாரினால் பலகை களிமண்ணைக் கிளறிவிடும், உப்பு கறுத்துவிடும், தண்ணீர் நிற்காது, அந்தப் பருவத்துக்கு அந்தப் பாத்தி வீண். கல்யாணமான புதிதில் நான் அப்படி ஒரு பாத்தியைச் சுரண்டிவிட்டேன். என் கையிலிருந்து பலகையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவருக்கு உடம்பும் பாத்திதான். அடியைச் சுரண்டினால் முடிந்தது. மூன்று மாதம் ஓய்வெடுத்தால் நான் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் எந்தப் பாத்தியை மிதித்தார் என்று கேட்டார். கெஞ்சினேன், திட்டினேன், சோறு போடமாட்டேன் என்றேன். மனுஷன் அசையவில்லை. பருவம் வந்தது. நான் டயாலிசிஸ் இல்லாத நாள்களில் கூலிக்கு உப்பு வாரினேன். மழை வந்தது, உப்பளம் மூடினார்கள். அவர் கால் வீங்கியது, படியேறினால் மூச்சு வாங்கியது. நாங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தோம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், கட்டைக் கலைக்கும்போது அந்தக் கார்டை அண்ணனின் டப்பாவிலிருந்து எடுத்து நடுவில் சொருகிவிட்டேன். அண்ணன் பார்த்தார், டப்பாவை மூடிவைத்தார். ஆட்டம் முற்றி, இவருக்கு மூச்சுவிடும் அளவு உயிர்தான் மிச்சம் இருக்கும்போது அது கைக்கு வந்தது. தளபதி சுடுகாட்டில் கிடந்தான், விளக்குக்காரி கரையில் நின்றாள். மற்ற கார்டுகளோடு அதையும் விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவருக்கு யார் சொருகியது என்று புரிந்துவிட்டது. விரல் அதன் மேல் போய், தொடாமல் நின்றது.

"வேணாம். நான் தோத்துட்டேன்" என்றார் அண்ணனைப் பார்த்து.

எனக்கு வந்த கோபத்தில் கார்டுகளைக் கட்டிலிலேயே கொட்டினேன். "குடுக்குறது நானு, அறுக்குறது டாக்டரு. நடுவுல உனக்கு இன்னாய்யா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. உதிர்ந்த கார்டுகளில் விளக்குக்காரியைத் தேடி எடுத்துத் தலையணைப் பக்கம் வைத்தார். "நான் எப்படியும் போயிடுவேன். நீ ஒருத்தியாச்சும் முழுசா இருக்கணும்."

அண்ணன் அதுவரை குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "எனக்குக் குடுக்க ஆளே இல்லப்பா. உனக்கு எதிர்ல உக்காந்துகினு இருக்குது. நீ கதை சொல்லிகினு இருக்கிற" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். மெஷின் நின்று, ஊசியை எடுத்து, கட்டுப் போட்டு, செருப்பை மாட்டும்போது இவர், "சரி, சொல்லிடு டாக்டர்கிட்ட" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட வந்ததில்லை. பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. மறுபடியும் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். என்னுடையது எல்லாம் நன்றாக இருந்தது. அவருடைய இதயத்தைத்தான் டாக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அது மிகவும் வீங்கிவிட்டது, இனி ஆபரேஷனைத் தாங்காது என்றார். முதலில் சொன்னபோதே வந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் வாக்கியத்தை முடிக்காதது எனக்கு உதவவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நான் அழுததை விடத் திட்டியதுதான் அதிகம். பிணத்தைத் திட்டுகிறாளே என்று சொந்தக்காரர்கள் என் வாயைப் பொத்தினார்கள். இப்போதும் அந்தக் கோபம் குறையவில்லை. என்மேல் உயிரை வைத்திருந்தார் என்று சொல்லி யாராவது ஆறுதல் செய்ய வந்தால் அவர்கள்மேலும் கோபம் வருகிறது.

காரியம் முடிந்த பிறகு கட்டை அண்ணனிடம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு ஆட்டம் ஆடச் சொன்னார். முதல் தடவையாக எனக்காகக் கார்டு பிடித்தேன். அவர் விட்டுக்கொடுத்து ஆடவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. தளபதி செத்தான். கொஞ்சம் தாமதமாக, நான் சொருகி, கட்டுக்குள்ளேயே கிடந்த அந்தக் கார்டு வந்தது. விளக்குக்காரியை எடுத்துச் சுடுகாட்டில் வைத்தேன். தளபதியை எடுத்துக் கரையில் வைத்தேன். ஆட்டம் முடிந்துவிட்டது, ஜெயித்தது நான்தான். பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்.

தை பிறந்ததும் உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. போன வருஷம் மாதிரியே எங்கள் பாத்தியை எனக்கே விட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் மிதிக்கிற தரையை ஒருத்தியாக மிதிக்கிறேன். அவர் ஆசைப்பட்டபடி முழுசாகத்தான் இருக்கிறேன்.