நூஹு காக்காவும் சுறா எண்ணெயும்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கலியாணத் தரகர் நூஹு காக்காவின் கால் படாத ஒழுங்கை இல்லை. இளவயதில் அவருக்கு அடிக்கடி வலிப்பு வரும். டிஸ்பென்சரியில் கொடுத்த வெள்ளைக் குளிசையைத் தவறாமல் விழுங்கத் தொடங்கிய பிறகு ஆறு வருடமாக அது எட்டிப் பார்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு மாரிகாலத்தில் கால் எலும்பெல்லாம் நோகத் தொடங்கியது. வாத்துப்போல ஆடி ஆடி நடந்தார். மனைவி ஸுல்பிகாவின் தம்பி முகைதீன்பாவா கடல் தொழில் செய்பவன். அவன் ஒரு போத்தல் சுறா ஈரல் எண்ணெய் கொண்டுவந்து வைத்தான்.

"இதக் குடிங்க மச்சான். எலும்பு இரும்பாப் போகும். ஒரு கரண்டி காணும்."

ஒரு கரண்டியில் இரும்பாகும் என்றால் அரைக் கோப்பையில் என்ன ஆகாது? காக்கா தினமும் அரைக் கோப்பையே குடித்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு தரகர் நுழைந்தால் சம்பந்தம் குழம்பும். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் என்று முடிவுகட்டி, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் சாய்ந்தமருதில் சபியா உம்மா வீட்டுக்குப் போனார். அவருடைய மகளுக்குப் புடவைக்கடை அபுல் ஹஸனைப் பேச வேண்டும். எண்ணெய் வாடை பொறுக்காமல் சபியா உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு இருவத்தாறு வயசு," என்று சொல்லித் தேத்தண்ணிக்குக் கையை நீட்டியவர் அப்படியே சரிந்தார். கையும் காலும் வெட்டி இழுத்தன. சபியா உம்மா கோப்பைகளை அப்பால் தள்ளி, இழுப்பு நின்றதும் அவரைச் சரித்துப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்திலேயே காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து காக்கா கண் விழித்தார்.

"இது ஆர்ர ஊடு?"

"பொண்ணு ஊடு. மாப்பிள்ளைக்கு என்ன வயசெண்டு சொன்னீங்க?"

"முப்பத்தினாலு," என்றார் காக்கா, பாதி மயக்கத்தில். "முன்பல்லு ஒண்டு கட்டினது."

மறுநாள் ஸுல்பிகா அவரை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரி நல்லரெத்தினம் போத்தலை முகர்ந்து பார்த்துத் தூர வைத்தார்.

"குளிசைய ஏன் காக்கா விட்டீங்க?"

"ரெண்டும் சண்டை பிடிக்குமெண்டு நினைச்சன் ஐயா."

"அது ரெண்டும் சண்டை பிடிக்காது. குளிசைய திடீரெண்டு விட்டதாலதான் வலிப்பு வந்தது. இந்த எண்ணெய் சுறா ஈரலை உருக்கி எடுத்தது. இதில சத்து எவ்வளவெண்டு ஆருக்கும் தெரியா. கூடினா நஞ்சு."

"அப்ப என்ட கால்?"

"நான் அளந்து தாற மீனெண்ணெய், ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி. பாலும் நெத்தலியும் சேருங்க, காலை வெயில்ல நடங்க. கனகாலம் இந்தக் குளிசை போடுற இன்னும் ரெண்டு பேர் இதே நோவைச் சொன்னாங்க. மருந்துப் புத்தகத்தில அதப்பத்தி ஒண்டும் காணல்ல. ஆனாலும் குளிசைய விடக்கூடாது. புதுசா எது குடிக்கிறெண்டாலும் முதல்ல என்னட்டக் கேளுங்க."

"ஓம்," என்றாள் ஸுல்பிகா, கணவரை முந்திக்கொண்டு. அன்றிலிருந்து குளிசையும் கரண்டியும் அவள் பொறுப்பில் இருந்தன.

பேசிய சம்பந்தம் போய்விட்டது என்றே காக்கா நினைத்திருந்தார். பத்தாம் நாள் சபியா உம்மா ஆள் அனுப்பினார். "விசாரிச்சம். வயசும் பல்லும் நீங்க மயக்கத்தில சொன்ன மாதிரித்தான் இரிக்கி. மகளுக்கும் விருப்பம்."

கலியாணப் பந்தலில் காக்கா இன்னும் ஆடி ஆடித்தான் நடந்தார். அடுத்த நோன்பு வருமுன் நடை நேராகிவிட்டது. ஒருநாள் காலையில் அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறப் போனவர், பஸ்ஸில் ஏறாமல், வழியிலுள்ள நிந்தவூர்வரை நடந்தே போனார்.