பட்டியில் பிறந்த கன்றும் மூன்று அதிகாரங்களும்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சட்டம் இயற்றுவது யார், நடத்துவது யார், தீர்ப்பளிப்பது யார் என்று பரீட்சையில் பிரமாதமாக எழுதி வேலைக்கு வந்தவன். அந்த மண்டைக்கனத்தை இறக்கிவைத்தது ஒரு கன்றுக்குட்டி.

பால் விற்றுப் பிழைத்த அஞ்சலை அக்காவின் சினைப்பசு தெருவில் திரிந்ததாகச் சொல்லி, நகராண்மைக் கழகத்தார் அதைப் பட்டியில் அடைத்தார்கள். அபராதம் கட்டியிருந்தால் அன்றே மாடு வீட்டுக்கு வந்திருக்கும். அக்கா மசியவில்லை.

"கட்டியிருந்த மாட்ட வேலியப் பிரிச்சுல்ல ஓட்டிட்டுப் போனாங்க. செய்யாத தப்ப நான் ஏன் ஒத்துக்கணும்?" என்று வழக்காடி, ஜெயித்தும் விட்டார். பசுவை விடும்படி உத்தரவானது.

உத்தரவைப் படித்துச் சொல்ல அவரோடு நானும் பட்டிக்குப் போனேன். வழக்கு நடந்த நாட்களில் பசு அங்கேயே கன்று போட்டிருந்தது. பட்டி அதிகாரி தனபாலன் பசுவை அவிழ்த்துக் கொடுத்தார். கன்றைக் கொடுக்கவில்லை.

"உத்தரவுல பசு மட்டும்தான்க்கா இருக்கு. கன்னு உள்ள வந்ததுக்கே என்கிட்ட பேப்பர் இல்ல. உள்ள வராதத எப்படி வெளிய விடுறது?"

"அது வரலப்பா, பொறந்துச்சு."

"பொறந்ததுக்கு ரூல்ஸ் இல்லக்கா."

நான் மாஜிஸ்திரேட்டிடம் ஓடினேன். வழக்கில் இல்லாத கன்றைப் பற்றித் தம்மால் எதுவும் சொல்ல முடியாது என்றார். அக்கா ஒய்.பி.யிடம், அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஓடினார். "சட்டத்தையே மாத்திரலாம் லா. அடுத்த கூட்டத்துல பேசறேன்," என்றார் அவர். மூவர் சொன்னதும் சரிதான். எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. வீட்டில் பசு கத்தியது. பட்டியில் கன்று புட்டிப்பாலைத் துப்பிவிட்டுச் சுருண்டு கிடந்தது.

கடைசியில் தனபாலனே ஒரு வழி கண்டுபிடித்தார். பிடிபட்ட மாட்டைத்தானே விடுவிக்க முடியும்? கதவைத் திறந்து கன்றைச் சாலைக்குத் தள்ளினார். அது தள்ளாடிக்கொண்டு நின்றது. உடனே அதைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து, சாலையில் பிடிபட்டதாக எழுதினார். பொய் எழுதவில்லை என்று அவருக்கு ஒரே திருப்தி.

மறுநாள் காலை அதே மாஜிஸ்திரேட்டின் முன் அக்கா நின்றார். கன்றைச் சாலையில் திரியவிட்டதாக அவர்மேல் இருந்த குற்றச்சாட்டை நான்தான் தமிழில் வாசித்தேன். கன்றைத் திறந்துவிட்டது யார் என்று கேட்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். தனபாலன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் வழக்கு தள்ளுபடியாகும், கன்று மறுபடியும் பேப்பர் இல்லாத கன்றாகிவிடும்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் தொறந்துவிட்டேன்னு சொல்லுங்க தம்பி. நேத்துலேருந்து அது பால் குடிக்கல."

காதில் விழுந்ததை மட்டுமே மொழிபெயர்ப்பவன் சொல்லலாம். அதை அப்படியே சொன்னேன். அக்கா அபராதத்தைக் கட்டிக் கன்றை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

ஒருவர் அதிகாரத்தில் ஒருவர் தலையிடாமல் நாங்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருந்தோம். அதற்காகக் குற்றவாளி ஆனவர், செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஜெயித்துக் காட்டிய அந்த அக்கா. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, யார் சொல்வது சரி என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். கன்று எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள்.