ஒரு முழம் முல்லை

அப்பா போன பிறகு அம்மா கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்காரப் பழகிவிட்டாள். ஆரத்தி எடுக்க அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். குங்குமச் சிமிழ் அவளைத் தாண்டிப் போகும். அவள் எதிரே வந்துவிட்டால், உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற சொந்தக்காரர்களும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்குக் கோபமே வராது. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

கோவில்பத்தில் எங்கள் தெருவிலேயே தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்று இருக்கிறது. ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டு முதலில் நான்தான் போனேன். நல்ல நேரம், தீட்டு, சடங்கு எல்லாவற்றிலிருந்தும் இயேசு நம்மை விடுதலையாக்கிவிட்டார் என்று பாஸ்டர் பிரசங்கித்தார். நான் விசும்பி விசும்பி அழுதேன். அடுத்த ஞாயிறே அம்மாவையும் அழைத்துப் போனேன்.

அங்கே எந்தப் பெண்ணும் பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை, நகை போடுவதில்லை. பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் சுமங்கலி, யார் இல்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. அம்மா நேரே முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அவள் கவலைப்படவில்லை.

ஈஸ்டர் அன்று பாய் விரிக்க வேண்டும் என்று அம்மா எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். நான் போனபோது வாசலில் பாஸ்டரம்மா அவளை நிறுத்தி வைத்திருந்தார். அம்மா தலையில் ஒரு முழம் முல்லை. இத்தனை வருஷம் கழித்து, தானே கடைத்தெருவுக்குப் போய் வாங்கியிருக்கிறாள்.

பாஸ்டரம்மா கெட்டவர் இல்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்து ஊட்டியவர். "நம்ம சபையில பூ வைக்கிறதில்லைங்கம்மா, அது உலக அலங்காரம்" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"விடுதலைன்னு சொன்னீங்களேம்மா" என்றாள் அம்மா.

அவர் கையை நீட்டினார். எடுக்க வசதியாக அம்மா தலையைக் குனிந்து கொடுத்தாள். அப்பாவின் கருமாதியன்று பங்காளி வீட்டுப் பெண்கள் பூவை எடுத்தபோதும் இப்படித்தான் குனிந்து கொடுத்தாள்.

இது மட்டும் சடங்கில்லையா என்று பாஸ்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். சபை ஒழுங்கு என்றார். பேரை மாற்றிவிட்டால் போதும் போலிருக்கிறது.

அதன்பிறகு அம்மா ஜெபவீட்டுப் பக்கம் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. சாயங்காலமானால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். டவுன் மாதா கோயிலில் பூ வைத்துக்கொண்டு போகலாம், கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. உன் பூவை எடுத்தது மனுஷங்கதான், இயேசு இல்லை என்றேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுக்குறப்ப அவரும் அங்கதானடி இருந்தாரு" என்றாள்.