ஒன்பதாவது சொல்

ஃபைவல் ராப்கின் ஆட்களை எண்ணமாட்டார். யூதர்களான எங்களில் யாருமே எண்ணுவதில்லை. உயிரோடு இருப்பவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. அதற்குப் பதிலாக, பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வரியை மெதுவாகச் சொல்வார். ஆளுக்கு ஒரு சொல். வரி முடிந்தால் பத்து ஆண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். திருப்பெட்டியிலிருந்து தோரா என்னும் வேதச் சுருளை எடுக்கலாம், இறந்தவர்களுக்கான காதிஷ் ஜெபத்தைச் சொல்லலாம். வரி முடியாவிட்டால் இரண்டும் கிடையாது. அவரவர் தனித்தனியாக முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஆறாம் தெரு ஜெபாலயத்தில் முப்பத்தொரு வருடங்கள் அந்த வரியைச் சொன்னவர் அவர்தான். வீட்டெப்ஸ்க் பக்கத்திலிருந்து ஒன்பது வயதில் பென்சில்வேனியாவுக்கு வந்தவர். ஆற்றங்கரையில் பழைய இரும்புக் கிடங்கில் எடை பார்க்கும் வேலை. லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், அன்று வரமாட்டேன் என்றதற்காக இரண்டு கிடங்குகளில் வேலை போயிற்று. மூன்றாவது முதலாளி எங்கள் ஆள்தான். அவனும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜெபாலயத்தில் அவர் செய்யும் வேலைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் போய்ப் பார்ப்பார். காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி வைப்பார். எந்த விளக்கு மறுநாள் மாலைவரை எரியவேண்டுமோ அதைப் போட்டுவிட்டு, யாரும் தவறிக் கைவைத்துவிடாதபடி சுவிட்சின் மேல் பட்டி ஒட்டுவார். ஓய்வுநாளில் எதையும் கிழிக்கக் கூடாது என்பதால் கழிவறைக் காகிதத்தைக்கூட முன்னதாகவே துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கிவைப்பார். இதெல்லாம் முடிந்ததும் அட்டைப் பெட்டியை எடுப்பார். அது என் செருப்புக் கடையிலிருந்து நான் கொடுத்த பெட்டி, ஒன்பதாம் நம்பர். அதில் ஊரில் இறந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சீட்டு இருந்தது. யாருடைய அப்பாவின் நினைவுநாள் அந்த வாரம் வருகிறது என்று பார்த்து, அந்த மகனை மறுநாள் தோராவுக்கு முன்னால் பெயர் சொல்லி அழைப்பார்.

அந்தப் பெட்டியில் அவர் ஒரு முறைதான் தவறு செய்தார் என்று நினைக்கிறேன்.

எங்கள் காலண்டரில் சில வருடங்களில் அதார் மாதம் இரண்டு தடவை வரும். முதல் அதார், இரண்டாம் அதார். 1965 அப்படி ஒரு வருடம். இர்வ் மெல்னிக்கின் அப்பா ஏதோ ஒரு சாதாரண வருடத்தில் அதார் மாதம் இறந்தவர். இர்வ் எலெக்ட்ரிக் ரிப்பேர்காரர், வீடு ஜெபாலயத்துக்கு நேர் எதிரே. முதல் அதாரில் அந்த வாரம் புது சூட் போட்டுக்கொண்டு, கிளீவ்லாண்டிலிருந்து சித்தப்பா பிள்ளைகளை வரவழைத்து, ஜெபம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிட ஊறுகாய் மீனும் கேக்கும் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஃபைவல் வழக்கம்போல் ஏழு பேரைத் தோராவுக்கு அழைத்தார். இர்வை அழைக்கவில்லை. சீட்டு இரண்டாம் அதாரில் இருந்தது.

"என்னைக் கூப்பிட மறந்துட்ட, ஃபைவல்."

"மறக்கல. உங்கப்பாவுக்கு ரெண்டாவது அதார். அடுத்த மாசம் கூப்பிடறேன்."

"முதல் அதார்தான்யா. எவனை வேணா கேளு."

"எங்கப்பா ரெண்டாவதுலதான் பண்ணுவார்."

"உங்கப்பாவுக்கு நீ எப்ப வேணா பண்ணிக்கோ. இது எங்கப்பா."

இர்வ் ஜெபச் சால்வையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே போனார். சித்தப்பா பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். மீன் தட்டை யாரும் தொடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வந்த பெஸ்ஸி ஷுல்கின் மட்டும், "மீன் என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்று இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

அன்று ஓய்வுநாள் முடிந்ததும் ஃபைவல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததாக அவர் மனைவி டோபா பின்னால் என்னிடம் சொன்னார். இர்வ் சொன்னதுதான் சரி. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பேசாமல் சாப்பிட உட்கார்ந்தாராம். சீட்டை முதல் அதாருக்கு மாற்றினார். தெருவைக் கடந்து போய் அதைச் சொல்லவில்லை.

இருபத்தொரு வருடங்கள் இர்வ் ஜெபாலயத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை காலையில் முன்பக்கத் திரையை இழுத்துவிடுவார். அதற்குள் உருக்காலையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பிட்ஸ்பர்க்குக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போனார்கள். பின்னாலேயே சில பெற்றோர்களும் போனார்கள். மற்றவர்கள் மலைமேல் இருக்கும் கல்லறைக்குப் போனார்கள். முந்நூறு பேர் உட்காரும் கூடத்தில் பத்துப் பேரைச் சேர்க்க ஃபைவல் வியாழக்கிழமையே போனை எடுத்துவிடுவார். "மூட்டுவலியா? இங்கயும் நாற்காலி இருக்கு. வந்து இங்க வலியோட உட்காரு."

டோபா 1985 அதாரில் இறந்தார். பிள்ளைகள் கிடையாது. முதல் வருட நினைவுநாளுக்குக் காதிஷ் சொல்ல ஃபைவலைத் தவிர யாரும் இல்லை. 1986-இல் மறுபடி இரண்டு அதார். ஃபைவல் சீட்டை முதல் அதாரில் வைத்தார். அது ஒரு சனிக்கிழமையாக அமைந்தது.

வியாழக்கிழமையிலிருந்து பனி கொட்டியது. வெள்ளி மாலை ஜெபத்துக்கு ஏழு பேர்தான் வந்தோம். சனி காலை பத்து மணிக்கு ஃபைவல் மேடை ஓரத்தில் நின்று வரியைச் சொன்னார். ஒன்பதாவது சொல்லில் நிறுத்தினார். கதவைப் பார்த்தார். பத்தே முக்காலுக்கு மறுபடி சொன்னார். மறுபடி ஒன்பது.

பெண்கள் பக்கத்திலிருந்து பெஸ்ஸி குரல் கொடுத்தார். "இங்க நாங்க மூணு பேர் குளிர்ல உட்கார்ந்திருக்கோம். அந்த வரியில எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லையா?"

"என் கையில இருந்தா குடுக்கமாட்டேனா, பெஸ்ஸி."

பல் டாக்டர் மோர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "எதுக்கு இவ்வளவு கவலைப்படற? ரெண்டாவது அதார் இருக்கே. அடுத்த மாசம் இதே தேதி வரும், அப்ப சொல்லிக்கோ. இர்வ்கிட்ட நீ அப்படித்தானே சொன்ன?"

யாரும் சிரிக்கவில்லை. மோர்ட்டும் உடனே தலையைக் குனிந்துகொண்டார்.  ஃபைவல் கோட்டை எடுத்து மாட்டினார்.

"இர்வை நான் போய்க் கூட்டிட்டு வரேன்," என்றேன்.

"நான் பண்ணின தப்பு ஹைமி. நான்தான் போகணும்."

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். இர்வின் முன்கதவுக்கு யாரும் போவதில்லை. காது மந்தம், காதுக் கருவியை மத்தியானத்துக்கு மேல்தான் மாட்டுவார். காலையில் சமையலறையில் உட்கார்ந்திருப்பார். பின்பக்கமாகப் போய் சமையலறை ஜன்னலுக்கு முன் நின்றால் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பார். எனக்கு இது தெரியும், ஏனென்றால் பதினாறு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அந்தச் சமையலறையில்தான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். ஃபைவலுக்கு இது தெரியாது. தெரியவேண்டாம் என்று வைத்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல நா எழவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

ஜன்னலோரம் போய் நின்றேன். ஃபைவல் முழங்கால்வரை பனியில் கால் வைத்து வைத்துத் தெருவைக் கடந்தார். படி ஏறினார். கதவைத் தட்டினார். காத்திருந்தார். உள்ளங்கையால் தட்டினார். பிறகு முஷ்டியால். திரை அசையவில்லை. இர்வின் கார் வாசலில் பனிக்கு அடியில் கிடந்தது. ஆள் உள்ளேதான்.

கதவின் பக்கத்தில் அழைப்புமணிப் பொத்தான் இருந்தது. ஓய்வுநாளில் நாங்கள் மின்சாரத்தைத் தொடமாட்டோம். ஃபைவல் எழுபத்திரண்டு வருடங்களில் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. டோபா கீழே விழுந்த அன்று சனிக்கிழமை. உயிருக்கு ஆபத்து என்றால் சட்டமே விடுகிறது. அப்போதுகூடப் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரியைத்தான் போன் செய்யச் சொன்னார்.

தட்டிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் இருக்கும். பிறகு ஜெபாலயத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலை விட்டு விலகவில்லை. என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. வலது கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தார். விரலைப் பொத்தானுக்கு அருகே கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோய் அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

உள்ளே வந்து, "ஆள் இல்ல," என்றார்.

"நான் போறேன். பின்பக்கமா போனா..."

"வேண்டாம்."

"ரெண்டு நிமிஷம். கூட்டிட்டு வந்துடுவேன்."

"இனிமே பத்து என்ன, நூறு பேர் வந்தாலும் என்னால காதிஷ் சொல்ல முடியாது ஹைமி. விடு."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஃபைவல் சால்வையைக் கழற்றினார். ஓய்வுநாளில் சால்வையை அதன் பழைய மடிப்பில் மடிக்கக் கூடாது. அப்போதும் அதை மறக்காமல் கோணலாகச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசைமேல் நினைவுமெழுகுவத்தி எரிந்து முடிந்த கண்ணாடி டம்ளர் இருந்தது. எதிரே செருப்புப் பெட்டி.

"நேத்து ஜன்னல்ல நின்னு பாத்தேன்," என்றேன்.

"தெரியும்."

"அந்த மணி அடிக்கிற மணி இல்ல. பன்னெண்டு வருஷமா வேலை செய்யல. ஊர்ல எல்லார் வீட்டு மணியையும் ரிப்பேர் பண்ணினவர், அவர் வீட்டு மணியைத் தொடல. கம்பியே அறுந்து கிடக்குது. நீங்க ஓய்வுநாளை உடைக்கல ஃபைவல்."

அவர் யோசித்தார். ஒரு நிமிடம் நான் நம்பிக்கையோடு இருந்தேன்.

"அது என் விரலுக்குத் தெரியாதே," என்றார். "நான் அடிக்கும்னுதானே அழுத்தினேன். அடிக்காம போனதுல என் புண்ணியம் எதுவும் இல்ல. உடைச்சதும் நான்தான், கிடைக்காம போனதும் எனக்குத்தான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கம்பி அறுந்திருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். எத்தனை வருடமாக என்பதையும் சொன்னேன்.

"பின்பக்கமாப் போவியா?"

"ஆமா."

"டோபாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். கசகசா கேக் பண்ணினா ஒரு துண்டு கட்டிக் குடுப்பாங்க. இர்வ்கிட்ட குடுன்னு."

ஃபைவல் அந்தக் கண்ணாடி டம்ளரை எடுத்து அடியில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். வெகுநேரம் சுரண்டினார். நான் கிளம்பும்போது செருப்புப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"நீ வெச்சுக்கோ. எல்லார் வீட்டுக்கும் போறவன் நீதானே."

அது திட்டா, வெறும் பேச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஓய்வுநாளில் அவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வரியை நான் சொன்னேன். அவர் வரும் வாரங்களில் சில தடவை பத்து சேர்ந்தது. அவர் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவரை அழைத்தபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சீட்டாடும்போது நான் இர்விடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"பனியில ஒருத்தன் நின்ன தடம் இருந்துச்சு. தபால்காரன்னு நெனச்சேன்." சிறிது நேரம் கழித்து, "ஃபைவலா வந்தான்? அவனா மணியை அழுத்தினான்?" என்றார். பிறகு அன்று நாங்கள் ஆடவில்லை.

இரண்டாம் அதாரில் அதே தேதி திங்கட்கிழமை வந்தது; வார நாளில் பத்துப் பேர் சேரமாட்டார்கள், ஆனால் அதற்கு முந்தைய சனிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்திலும் காதிஷ் சொல்கிறவர்கள் எங்களில் உண்டு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வியாழன் முழுக்க எல்லோருக்கும் போன் செய்தேன். மூட்டுவலி என்று சாக்குச் சொன்ன மோர்ட்டிடம், அந்த மூட்டுக்கு நான் உத்தரவாதம் கொடுத்தேன். ஃபைவல், "பார்க்கலாம்," என்றார்.

சனி காலை இர்வ் மெல்னிக் தெருவைக் கடந்து வந்தார். காதுக் கருவி மாட்டியிருந்தார். பெண்கள் பக்கத்தில் பெஸ்ஸி எழுந்து நின்று, "அடப்பாவி, முடியெல்லாம் எங்கய்யா போச்சு?" என்றார். இர்வ் சிரிக்க முயன்றார். நாலாவது பெஞ்சில் சுவரோரம், தன் பழைய இடத்தில் கோட்டோடு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு வரியைச் சொன்னேன். ஒன்பதாவது சொல்லில் அது இர்வ்மேல் வந்து நின்றது. பத்தாவது சொல்லுக்கு ஃபைவல் வரவேண்டும். கதவைப் பார்த்தோம். பதினோரு மணிக்கு இர்வ், "நான் வந்தது தெரிஞ்சுதான் ஃபைவல் வரலியா?" என்று கேட்டார்.  பதினொன்றரைக்கு எல்லோரும் கலைந்தோம். இர்வ் கடைசியாகத்தான் எழுந்தார்.

நான் ஃபைவல் வீட்டுக்கு நடந்தேன். கதவு பூட்டியிருக்கவில்லை. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மழைக்காலணிகூட மாட்டிக்கொண்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பிட்டேன் ஹைமி," என்றார். "எட்டு மணிக்கே கிளம்பிட்டேன்."

எதிரே உட்கார்ந்தேன். வெளியே யாரோ பனியைக் கொத்தி அள்ளும் சத்தம் கேட்டது.

"அவன் வந்தானா?"

"வந்தார்."

"எங்க உட்கார்ந்தான்?"

"பழைய இடத்துல. சுவரோரம்."

ஃபைவல் தலையை ஆட்டினார்.

"அங்க ஜன்னல் இடுக்கு வழியா காத்து வரும்," என்றார். "போன வருஷம் துணி அடைச்சு வெக்கணும்னு நெனச்சேன். அங்கதான் யாரும் உட்கார்றதில்லையேன்னு விட்டுட்டேன்."