காரிமங்கலத்துக்கு வந்த படகு

ஃபைபர் வேலையில் லாபம் வரும், வராமலும் போகும். அரிப்பு மட்டும் தவறாமல் வரும். கிரைண்டர் பிடித்துக் கண்ணாடி நாரை உரசின அன்று சட்டையை உதறினாலும் சரி, எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் சரி, சோற்றுக்கு உட்காரும்போது முழங்கை தன் வேலையைக் காட்டிவிடும். இதைப் படிக்கும்போதே கழுத்தைச் சொறிகிறவர்கள் என் உறவுக்காரர்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நிம்மதியாகப் படிக்கலாம்.

காரிமங்கலத்தில் என் பட்டறை. ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியை ஒட்டுவேன், லாரி முகப்பு உடைந்தால் சேர்ப்பேன், கோழிப்பண்ணைக்குக் கூரைத் தகடு வார்ப்பேன். போன வருஷம் ஆனி மாதம் இந்த வரிசையில் ஒரு படகும் வந்து சேர்ந்துகொண்டது.

சந்தை நாளில்

மேட்டூர் அணைத் தண்ணீர் நம் மாவட்டத்துக்குள் தேங்கி நிற்கிறதே, அந்த நாகமரைப் பக்கத்துப் படகு அது. ஆட்களையும் பால் கேன்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போவது. ஓட்டுகிறவர் ராஜம்மா, நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் வலையோடு சரி, படகு முழுக்க இந்த அம்மாவின் பொறுப்பு. மிதித்தால் தளம் அமுங்குகிறது, பழுதுபார்க்கக் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோவது தூரம் என்று யோசித்திருக்கிறார். தொட்டியும் ஃபைபர், படகும் ஃபைபர்தானே என்று ஒரு லாரி டிரைவர் என் பட்டறையைக் கை காட்டிவிட்டார். நான் அதுவரை படகைத் தொட்டதே இல்லை. தெரியாத வேலையை முடியாது என்று சொல்லும் புத்தி எனக்கு எப்போதும் வேலையை வாங்கிப் போட்ட பிறகுதான் வரும்.

"ஆடி பதினெட்டுக்குள்ள எறக்கிப்புடணும்ணா," என்றார் ராஜம்மா. "அக்கரைக்குப் போக இன்னொரு போட்டும் ஓடுது. பதினெட்டு கூட்டத்துக்கு நான் இல்லன்னா சனம் அதுக்கே பழகிக்கும். அப்புறம் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டாலும் வராது." அவர் குடும்பம் ஓடுவதே அந்தப் படகில்தான். சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு வாரச் சந்தை. மினி லாரியிலிருந்து படகை இறக்குவதற்குள் ஊரே கூடிவிட்டது. ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற வியாபாரி ஒருவர் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு என்னைக் கேட்டார்: "ஏங்க, இங்க தண்ணி லாரியே எப்பவோ ஒருக்காதான் வருது. நீங்க எத நம்பி இத வாங்குனீங்க?"

குத்திப் பார்த்த கதை

படகின் வெளிக்கூடு நன்றாகத்தான் இருந்தது. ஃபைபருக்குச் சாவு கிடையாது. கெடுவதெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும் மரம். ஆள் நிற்கிற தளத்துக்கு அடியில் பலகை, இன்ஜினை மாட்டுகிற பின்பலகைக்குள்ளும் பலகை. எங்கோ ஒரு போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து, வருஷக்கணக்காக உள்ளேயே குடியிருந்திருக்கிறது. சுத்தியல் காம்பால் தட்டினால் நல்ல இடம் டக்கென்று சொல்லும், கெட்ட இடம் தொம்மென்று சொல்லும். இந்தப் படகு ஓரிடத்தில்கூட டக்கென்று சொல்லவில்லை.

பின்பலகையில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேல் தோலை அறுத்து எடுத்தால், உள்ளே பலகை இருந்த இடத்தில் ஆறிப்போன கேழ்வரகுக் களி மாதிரி ஒரு பொருள். கரண்டி போட்டுத்தான் வழித்தோம். அத்தனை கனமான இன்ஜின், பின்னால் இந்தக் களியைப் பிடித்துக்கொண்டா தொங்கியது? "ஏம்மா, இதுல எப்படிம்மா ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ராஜம்மா களியை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியாத வரைக்கும் நல்லாத்தாங்ணா ஓடுச்சு. நீங்கதான் குத்திப் பாத்துக் கெடுத்துட்டீங்க."

சின்னப்பன் வைத்த கதவு

பலகை வேலைக்குச் சின்னப்பனைக் கூப்பிட்டேன். தொப்பூர் கணவாயில் அடிபட்ட லாரிகளுக்கெல்லாம் உடம்பு கட்டிக்கொடுக்கிற ஆள். அவர் அடித்த பலகை ஆடாது, அசையாது. லாரி தவிர வேறு எதற்கும் அவர் பலகை அடித்ததில்லை என்பது எனக்கும் தெரியும். பலகை பலகைதானே என்று நினைத்தேன்.

தண்ணீருக்குத் தாங்குகிற ஒட்டுப்பலகை வந்து இறங்கியது. அளவைச் சொல்லிவிட்டு, நாரை ஒட்டுகிற ரெசின் பசை வாங்க நான் சேலம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், பின்பலகை ஜோராக நின்றுகொண்டிருக்கிறது. கீழே இரண்டு பட்டைக் கீல், இரண்டு பக்கமும் கொண்டி, தொங்குவதற்குச் சங்கிலி. சின்னப்பன் கொண்டியைத் தட்டினார். லாரியின் பின்கதவு மாதிரி படகின் முதுகு படாரென்று கீழே விழுந்து திறந்துகொண்டது. பால் கேனைப் பக்கவாட்டில் தூக்கி ஏற்றுவது சிரமம் என்று ராஜம்மா முந்தின நாள் புலம்பியிருக்கிறார். கேட்ட மனிதருக்கு மனம் பொறுக்கவில்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இன்ஜினை எங்கே மாட்டுவது, கதவு திறந்தால் ஆறு எங்கே போகும் என்று கத்தினேன். சின்னப்பன் கதவைத் தூக்கிக் கொண்டியை மாட்டினார். பிறகு குறைபட்டுக்கொண்டார்: "தண்ணி அவ்ளோ ஒசரத்துக்கு நிக்கும்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணுமுங்க."

சாம்பிராணி

ரெசினைக் கெட்டிப்படுத்த கேட்டலிஸ்ட் என்று ஒரு திரவம் கலப்போம். வெயிலுக்குத் தக்கபடி குறைக்க வேண்டும். இது எனக்குப் பால்குடிப் பருவத்திலேயே தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். அன்று கதவு சமாச்சாரத்தில் கொதித்துப் போயிருந்தேன், காலையில் கலக்கிற அளவை உச்சி வெயிலில் கலந்துவிட்டேன். பிரஷ்ஷை எடுப்பதற்குள் வாளி சுட ஆரம்பித்தது, அப்புறம் புகைந்தது, அப்புறம் பிரஷ்ஷும் வாளியும் ரெசினும் ஒரே கல்லாகிவிட்டன. நாற்றம் தாங்காமல் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் பாதி டீயோடு எழுந்து போனார்கள். கடைக்காரர் கோவிந்தன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்: "சாம்பிராணி போடறதா இருந்தா வெள்ளிக்கெழமையாப் பாத்துப் போடுங்கண்ணா, அன்னிக்கு நான் கடைக்கு லீவு உட்டுக்கறேன்."

குளம்படி

ஒருவழியாகப் பின்பலகையை ஒட்டுப்பலகை அடுக்கி, போல்ட் போட்டு, மேலும் கீழும் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை ஒட்டி முடித்தோம். இந்தத் தடவை கீல் இல்லை. தளமும் புதிது. விடியற்காலையில், காற்று கிளம்புவதற்கு முன்னால், தளத்துக்குக் கடைசிப் பூச்சு பூசிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றும் சந்தை நாள் என்பதை மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது ஒரு வெள்ளாடு படகுக்குள் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி இறுகின பூச்சில் முனையிலிருந்து பின்பலகை வரை வரிசையாகக் குளம்பு. பட்டறையில் நான் கத்தின கத்தலில் ஆடு குதித்து ஓடிவிட்டது, ஓனர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. மறுபடி தேய்த்துப் பூச வேண்டும், நாள் வேறு நெருங்கிவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ராஜம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த பக்கத்தில் ஏறி, குளம்படி மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார்: "இப்பிடியே இருக்கட்டும் உடுங்கணா. பழைய தளத்துல மழன்னா சனம் வழுக்கி வுழும், இதுல காலு நல்லா ஊனுது."

தொட்டிக்காரன் புத்தி

தொட்டி ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்போம்? தண்ணீரை நிரப்புவோம், வெளியே சுற்றி வந்து எங்கே கசிகிறது என்று பார்ப்போம். வேறு வழி எனக்குத் தெரியாது. படகுக்கு அடியில் பழைய டயர்களை வரிசையாக முட்டுக்கொடுத்து, தண்ணீர் லாரியைக் கூப்பிட்டுக் கால்வாசி நிரப்பினேன்.

அவ்வளவுதான், தெருவில் செய்தி பறந்தது. குடத்தோடு பெண்கள் வந்து வரிசை கட்டினார்கள். பூச்சு வாடை அடிக்கும், குடிக்கக் கூடாது என்றால், துணி துவைக்க ஆகாதா என்று திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் பின்பலகையின் கீழ்ப் போல்ட் ஒன்றில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் கசிவதைச் சின்னப்பன் கண்டுபிடித்தார். முதல் தடவை மரத்தை அழுகவிட்டதும் இதே மாதிரி ஓர் ஓட்டைதான். இது தப்பியிருந்தால் சில வருஷத்தில் திரும்பவும் களி கிண்டியிருப்போம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தண்ணீரை இறைத்ததும் அடைப்பதற்காக அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தால் ராஜம்மா நிற்கிறார். தரையில் படகு, படகுக்குள் தண்ணீர், சுற்றிலும் குடங்கள். பொறுமையாகச் சொன்னார்: "அண்ணா, எங்க ஊருல தண்ணி வெளிய இருக்கும், நாங்க உள்ள இருப்பமுங்க."

அக்கரை

பதினெட்டுக்கு முந்தின நாள் காலை படகைக் கரைக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் ஏறியிருந்தது. ராஜம்மா எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, இன்ஜினைப் பின்பலகையில் மாட்டி முறுக்கினார். அக்கரைக்குப் போக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் அசையவில்லை. ஒட்டுப்போட்ட படகு, அதுவும் தண்ணீர்த் தொட்டி செய்கிறவன் போட்ட ஒட்டு என்று ஒருவருக்கொருவர் குசுகுசுத்தார்கள். இன்னொரு படகு பக்கத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தது. இரண்டு பேர் அதை நோக்கி நகரவும் ஆரம்பித்துவிட்டார்கள். ராஜம்மா எப்போதும் ஏதாவது பேசுகிறவர். அப்போது இன்ஜின் கைப்பிடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேல செஞ்ச ஆளுதான் மொத நடைக்கு இன்ஜின் பக்கத்துல ஒக்காரணும். அதான் இந்தக் கரை வழக்கம்," என்றார் பால்காரர் ஒருவர், கேனைக் கீழே வைக்காமலே. "ஒங்களுக்கு நீச்சல் வருமுங்களா?" என்று அடுத்த கேள்வி. எங்கள் ஊரில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீரை எங்கே பார்த்தோம்? வராது என்று உண்மையைச் சொன்னேன். லைஃப் ஜாக்கெட் ஒன்றின் மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு, தீர்த்தமலை சாமியை வேண்டிக்கொண்டு, பின்பலகையில் முதுகு படும்படி போய் உட்கார்ந்தேன். சின்னப்பனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் நீச்சல் வராது. பால்காரர் எங்களைப் பார்த்தார், பிறகு கேனை உள்ளே வைத்தார், தானும் ஏறினார். அவர் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏறியது. நகர்ந்து போன இரண்டு பேரும் திரும்பி வந்து ஏறினார்கள்.

நடு ஆற்றில் இன்ஜின் உறுமியது. பலகை என் முதுகில் அதிர்ந்ததே தவிர அசையவில்லை. சின்னப்பன் பழக்கதோஷத்தில் அதைச் சுண்டிப் பார்த்தார். டக்கென்றது. அக்கரையில் இறங்கும்போது ராஜம்மா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இன்னும் ஒரு மாதம் சொறியலாம். திரும்பி வரும் நடைக்கு அங்கே ஏற்கெனவே ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நீச்சல் தெரிந்தவனைத்தானே நம்ப வேண்டும், என்னை எதற்கு நம்பினீர்கள் என்று பால்காரரைக் கேட்டேன். அவர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "ஒங்க வேலயப் பத்தி எங்களுக்கு என்னங்க தெரியும், நீச்சல் வராத மனுசன் பொய் வேல செஞ்சிட்டு அதுமேலயே ஒக்கார மாட்டான்னுதான் ஏறுனமுங்க."

ஃபைபர் வேலைக்கு என்ன உத்தரவாதம் என்று இனி யார் கேட்டாலும், எனக்கு நீச்சல் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.